ஒரே ஒரு ஜப்பானிய ஆர்பிஜிக்குத்தான் நேரம் என்றால்

ஒரு பாத்திரமாக இருந்து நீண்ட கதையை ஆடிச் செல்லும் வீடியோ கேம் வகையான ஜப்பானிய ஆர்பிஜி (சுருக்கமாக ஜேஆர்பிஜி) ஒன்றைத் தொடங்குவது பெரிய முடிவு. பெர்சோனா 5 ராயலின் கதையை முடிக்கவே சுமார் 100 மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுகிறவருக்கு அது மூன்று மாதத்துக்கும் மேல். நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டால் கதையும் மறந்துவிடும், எந்த எதிரிக்கு எந்தத் திறமை பலிக்கும் என்பதும் மறந்துவிடும். அதனால் தேர்ந்தெடுக்கும்போதே யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுப்பதில் பலனில்லை. இங்கே பேசப்போகிற கேம்கள் எல்லாமே நிறையப் பாராட்டு வாங்கியவைதான். ஆனாலும் இவற்றை வாங்கியவர்களில் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, ஒரு கேமின் சிறப்பு பிடிபடாமல் நிறுத்தியவர்கள் குறைவு. அதன் ஏதோ ஒரு குறையைச் சகிக்க முடியாமல் நிறுத்தியவர்களே அதிகம். அந்தக் குறை பெரும்பாலும் அதே கேமின் சிறப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே வருவதால், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்றும் காத்திருக்க முடியாது. எனவே யாராவது என்னிடம் "எதில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால், எது உங்களுக்கு அலுப்புத் தரும் என்றுதான் முதலில் கேட்பேன்.

எல்லை ஒன்று வகுத்துக்கொள்கிறேன். கடந்த பத்தாண்டு அளவில் வந்தவை, முந்தைய பாகங்களை ஆடாமலே தொடங்கக்கூடியவை மட்டும். டிரெயில்ஸ் வரிசை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதை வரிசையாக ஆடினால்தான் சுவை. ஒரே ஒரு கேமுக்கு நேரம் இருப்பவருக்கு அது ஆகாது. ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த் ஒரு மூன்று பாகக் கதையின் நடுப் பாகம் என்பதால் அதுவும் வெளியே.

பெர்சோனா 5-இலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் முதலில் எல்லோரும் பரிந்துரைப்பது இதைத்தான். மூலக் கேம் 2016-இல் ஜப்பானில் வந்தது. விரிவாக்கப்பட்ட ராயல் பதிப்பு 2019-இல் அங்கும், 2020 மார்ச்சில் மற்ற நாடுகளிலும் வந்தது. 2022 அக்டோபரிலிருந்து பிசி, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் ஆகியவற்றிலும் இருக்கிறது. ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்தவனைத் தடுக்கப்போய், தானே குற்றவாளியாக்கப்பட்ட பள்ளி மாணவன் ஒருவன், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் டோக்கியோவுக்கு வருகிறான். ஒரு காபிக்கடையின் மேல்மாடிதான் அவனுக்கு வீடு. பகலில் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் பெரியவர்களின் மனதுக்குள் இருக்கும் 'அரண்மனை'களில் புகுந்து, அவர்களுடைய வக்கிர ஆசையைத் திருடுகிறான்.

இதன் உயிர் நாள்காட்டியில் இருக்கிறது. ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது பள்ளி விட்ட பிறகு ஒரு பொழுது, இரவில் ஒரு பொழுது. அதை ஒரு நண்பனோடு செலவிடலாம், தேர்வுக்குப் படிக்கலாம், பகுதிநேர வேலைக்குப் போகலாம், அல்லது அரண்மனைக்குள் இறங்கலாம். கெடு தேதிக்குள் அரண்மனையை முடிக்காவிட்டால் கேம் ஓவர். ஒவ்வொரு நட்பும் சண்டைக்கு எதையாவது தருகிறது: மருத்துவர் தகெமியோடு பழகினால் நல்ல மருந்துகள் கிடைக்கும், வகுப்பு ஆசிரியை கவகாமியோடு பழகினால் உங்கள் நேரமே மிச்சமாகும். இப்படி நட்பும் சண்டையும் ஒன்றையொன்று இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு வேறு எந்த வரிசையிலும் இல்லை என்றே சொல்வேன். சண்டையும் வேகமானது. எதிரியின் பலவீனத்தை அடித்தால் கூடுதல் டர்ன் (அதாவது இன்னொரு முறை அடிக்கும் வாய்ப்பு), அதை இன்னொருவருக்குக் கைமாற்றலாம், எல்லா எதிரிகளும் விழுந்துவிட்டால் மொத்தப் பேரும் சேர்ந்து பாயலாம். ஷோஜி மெகுரோவின் ஜாஸ் கலந்த இசையும், சிவப்பும் கறுப்புமாகத் துள்ளும் மெனுக்களும், மாறி மாறி அடிக்கும் டர்ன் முறைச் சண்டை பழசாகிவிட்டது என்ற பேச்சுக்கு நல்ல பதிலாக அமைந்தன.

அப்புறம் குறை. நாள்காட்டியை நகர்த்த இந்தக் கேம் ஓயாமல் பேசுகிறது. ஒரு காட்சியில் முடிவான விஷயம் அன்றிரவு போன் மெசேஜில் மறுபடி பேசப்படும். மறுநாள் கூட்டாளிகள் கூடி அதையே மூன்றாவது முறை பேசுவார்கள். முதல் ஆறேழு மணி நேரம் உங்களை எங்கும் சுதந்திரமாகப் போக விடாது. வெளியே போகலாம் என்று நினைக்கும் இரவில் மோர்கானா என்ற பூனை "இன்றைக்குத் தூங்கலாம்" என்று சொல்லிக் கதவை அடைத்துவிடும். ராயலில் இது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, போகவில்லை.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. முதல் அரண்மனைக்கு உரியவன் கமோஷிதா என்ற உடற்பயிற்சி ஆசிரியன். மாணவர்களை அடிப்பவன், மாணவிகளிடம் அத்துமீறுபவன். அந்தப் பகுதி உண்மையிலேயே கனமானது, துணிச்சலானது. அவனால் பாதிக்கப்பட்ட ஆன் என்ற பெண்ணை, அடுத்த பகுதியிலேயே ஓர் ஓவியன் நிர்வாணமாக நிற்கச் சொல்கிறான், கேம் அதை நகைச்சுவையாக நடத்துகிறது. கதை சொல்ல வந்ததை அதன் கேமராவே மறுக்கிறது. பள்ளி மாணவனான நாயகன், தன் ஆசிரியை உட்பட வயதுவந்த பெண்கள் சிலரைக் காதலிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு திறமை உள்ளவர்கள் செய்த கேமில் இதைப் பார்ப்பது எனக்குக் கோபம் தருகிறது.

தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு: ராயலில் சேர்க்கப்பட்ட மூன்றாம் பருவம்தான் மொத்தக் கதையிலும் சிறந்த பகுதி. அது திறக்க வேண்டுமானால், பள்ளி ஆலோசகர் மருக்கியுடனான நட்பை நவம்பர் 18-க்கு முன்பே 9-ஆம் நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். கேம் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. தவறவிட்டால் 80 மணி நேரத்துக்குப் பிறகு கதை பழைய இடத்திலேயே முடிந்துவிடும்.

நம்மவர்களுக்கு ஒரு சின்ன ஆச்சரியமும் இதில் உண்டு. நாயகன் சண்டையில் துணைக்கு அழைக்கும் பெர்சோனா என்ற சக்திகளில் காளி, லட்சுமி, பார்வதி, விஷ்ணு எல்லோரும் இருக்கிறார்கள். பாலித் தீவின் ரங்டாவையும் பரோங்கையும் இணைத்தால் சிவன் வருவார். ஃபைனல் ஃபேன்டஸியிலோ ஷிவா என்பவள் பனியை ஏவும் பெண். 1990-இல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்தே அப்படித்தான்.

பெர்சோனாவின் நாள்காட்டி பிடித்திருக்கிறது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்பவர்களுக்கு மெட்டஃபர்: ரீஃபேன்டாசியோ இருக்கிறது. பெர்சோனா 5-ஐ இயக்கிய கட்சுரா ஹஷினோவே இதையும் இயக்கினார். 2024 அக்டோபரில் வந்தது. அரசன் கொல்லப்படுகிறான், அடுத்த அரசனை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவனுடைய மாயம் ஆணையிடுகிறது. ஒடுக்கப்பட்ட இனத்தில் பிறந்த நாயகன் போட்டியில் இறங்குகிறான். பிறப்பால் மனிதர்களைத் தரம்பிரிக்கும் நாடு ஒன்றில் தேர்தல் நடந்தால் என்ன ஆகும் என்பதை இது கூச்சமில்லாமல் கேட்கிறது. பலம் குறைந்த எதிரிகளைச் சண்டைத் திரைக்குப் போகாமலே அடித்துத் தள்ளலாம் என்பது பெரிய நிம்மதி. பௌத்தத் துறவி ஒருவர் எஸ்பெரான்டோ என்ற செயற்கை மொழியில் ஓத, அதன் மேல் எழும் சண்டை இசையைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். குறை என்றால், பக்கக் கதைகளுக்கான குகைகளும் கோபுரங்களும் ஒரே அச்சில் வார்த்தவை, பிற்பகுதியில் கதை அவசரப்படுகிறது, மாய சக்திக்கான எம்பி எப்போதும் போதாமல் நீண்ட குகைகளில் பாதியிலேயே திரும்ப வேண்டியிருக்கும். மொத்தத்தில் பெர்சோனாவைவிடப் பக்குவமான கேம். ஆனால் பெர்சோனாவின் டோக்கியோ மனதில் ஒட்டிக்கொண்ட அளவுக்கு இதன் ஊர்கள் எனக்கு ஒட்டவில்லை.

டிராகன் குவெஸ்ட் 11 முற்றிலும் வேறு குணம். 1986-இல் முதல் டிராகன் குவெஸ்ட்டைச் செய்த யூஜி ஹோரி, ஓவியர் அகிரா தோரியாமா, இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா மூவரும் சேர்ந்து செய்து வெளிவந்தவற்றில் கடைசி முதன்மைப் பாகம் இது. 2017-இல் ஜப்பானில் வந்தது. 2021-இல் சுகியாமாவும் 2024-இல் தோரியாமாவும் காலமாகிவிட்டார்கள்.

கதையின் தொடக்கம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: கிராமத்துப் பையன், அவனே தேர்ந்தெடுக்கப்பட்டவன், அரசனைப் பார்க்கப் போகிறான், அரசன் அவனைச் சிறையில் போடுகிறான். இதன் அழகு அந்தப் பெரிய கதையில் இல்லை, ஊர் ஊராக நடக்கும் சின்னக் கதைகளில் இருக்கிறது. லோனலுலு என்ற ஊரைச் சேர்ந்த தன் காதலனுக்காக ஒரு கடற்கன்னி காத்திருக்கிறாள். அவனுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்ட நீங்கள் அவளிடம் உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா? அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்த அத்தியாயம் பல கேம்களின் முழுக் கதையைவிட அழுத்தமாக நின்றுவிட்டது. நாடோடிக் கலைஞன் சில்வாண்டோவைப் போல ஒரு துணை இருந்தால் எந்தப் பயணமும் இனிக்கும். பெண்மை கலந்த அவனுடைய நடையை முதலில் லேசாக எடுத்துக்கொள்ள வைத்துவிட்டு, பிறகு குழுவிலேயே மிகத் துணிச்சலான மனிதனாக அவனைக் காட்டுகிறார்கள்.

சண்டை அமைதியானது, தெளிவானது, பழைய முறை. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அது நடக்கும். இதன் விலை, சவால் குறைவு. சாதாரண அளவில் பெரும்பாலான பாஸ்களை (முக்கியமான பெரிய எதிரிகளை) யோசிக்காமலே வீழ்த்திவிடலாம். இதற்கு மருந்தும் கேமிலேயே இருக்கிறது: தொடங்கும்போதே டிராகோனியன் குவெஸ்ட் என்ற விருப்பங்களில் 'வலுவான எதிரிகள்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் இடையில் நீக்கிக்கொள்ளலாம், ஆனால் இடையில் சேர்க்க முடியாது. ஏற்கெனவே இந்த வகைக் கேம்களை ஆடிப் பழகியவர்கள் இதைப் போட்டுக்கொள்ளாமல் தொடங்கவே கூடாது.

இசைதான் மனக்குறை. சுகியாமாவின் மெட்டுகள் நல்லவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. நாட்கணக்கில் அதே வெளிநடை மெட்டு காதில் ஓடும். 2018-இல் வெளிநாடுகளுக்கு வந்த பதிப்பில் அதுவும் செயற்கை ஒலியில்தான் இருந்தது. பின்னால் வந்த எஸ் பதிப்பில் இசைக்குழு வாசித்த இசை சேர்க்கப்பட்டது, அதனால் வாங்கினால் எஸ் பதிப்பையே வாங்குங்கள். அது ஸ்விட்ச்சுக்காகச் செய்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. மற்ற சாதனங்களிலும் படத்தின் நேர்த்தி பழைய பதிப்பைவிடச் சற்றுக் குறையும். நான் இசைக்காக அதை ஏற்றுக்கொள்வேன். இன்னொன்று, கதை முடிந்தபின் வரும் மூன்றாம் பகுதி. இரண்டாம் பகுதியில் நடக்கும் ஓர் இழப்பு என்னை நிலைகுலைய வைத்தது. மூன்றாம் பகுதி அதை மாற்ற வழி தருகிறது. பலருக்கு அது ஆறுதல்; எனக்கு அந்த இழப்பின் மதிப்பு குறைந்ததாகவே பட்டது.

இனி, எனக்கு மிக நெருக்கமான கேம். யாகூசா: லைக் எ டிராகன், 2020. வரிசையில் ஏழாவது என்றாலும் நாயகன் புதியவன், ஊர் புதியது, முறையும் புதியது. அதுவரை தெருச்சண்டை ஆக்‌ஷனாக இருந்தது இதில் டர்ன் முறைக்கு மாறியது. யாகூசா என்ற ஜப்பானிய ரௌடிக் கும்பலைச் சேர்ந்த இச்சிபன் கசுகா தன் தலைவனுக்காகச் செய்யாத கொலையை ஏற்றுக்கொண்டு 18 ஆண்டு சிறையில் இருக்கிறான். வெளியே வரும்போது வாசலில் வரவேற்க யாரும் இல்லை. யொகோஹாமாவில், வீடற்றவர்கள் கூடாரம் போட்டு வாழும் இடத்தில் நாற்பது வயது தாண்டிய மனிதனாக வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்குகிறான். அவனோடு சேர்பவர்கள் வேலை இழந்த முன்னாள் நர்ஸ் ஒருவர், போலீஸ் வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஒருவர், மதுக்கூடம் நடத்தும் ஒரு பெண்.

ஜேஆர்பிஜியில் பதினாறு வயதுப் பையன்கள்தான் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற வழக்கத்தை இது எவ்வளவு இயல்பாகத் தாண்டுகிறது! மற்ற கேம்களில் வீரன், மந்திரவாதி என்று தொழில் மாற்றுவீர்கள். இதில் ஹலோ வொர்க் என்ற ஜப்பான் அரசின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சமையல்காரர், தெருப் பாடகர், கட்டட மேஸ்திரி என்று வேலை மாற்றிக்கொள்ளலாம். இச்சிபன் சின்ன வயதில் டிராகன் குவெஸ்ட் விளையாடி வளர்ந்தவன், அதனால்தான் தெருவில் மோதுகிற ரௌடிகள் அவன் கண்ணுக்கு அரக்கர்களாகத் தெரிகிறார்கள். நொடித்துப்போன பலகாரக் கம்பெனியை எடுத்து நடத்தும் ஒரு கிளைவிளையாட்டு இருக்கிறது. பங்குதாரர் கூட்டத்தில் வாக்குவாதமே ஒரு சண்டையாக நடக்கும், கோழி ஒன்றை ஊழியராக நியமிக்கலாம். விழுந்து விழுந்து சிரிக்க வைத்துவிட்டு, அடுத்த காட்சியில் பாலியல் தொழிலாளர்களையும் வெளிநாட்டிலிருந்து வந்து ஆவணம் இல்லாமல் வாழ்பவர்களையும் பற்றி உண்மையான அக்கறையோடு பேசுகிறது. கடைசிக் காட்சியில் இச்சிபன் பேசும் பேச்சுக்கு நான் அழுதேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் சில மணி நேரம் பெரும்பகுதி கட்சீன் எனப்படும் கதைக் காட்சிகள்தான். கையில் கன்ட்ரோலர் இருந்தும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டர்ன் முறைக்குப் புதிதாக வந்த குழு என்பது சண்டையில் தெரிகிறது: உங்கள் ஆட்கள் எங்கே நிற்பது என்பது உங்கள் கையில் இல்லை, கார்களுக்கும் தூண்களுக்கும் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். சாக்கடைக் குகைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. இச்சிபன் விழுந்தால் மற்றவர்கள் நின்றாலும் ஆட்டம் முடிந்தது; பெர்சோனா 5-இலும் இதே எரிச்சல் உண்டு. 12-ஆவது அத்தியாயத்தில் ஒரு பாஸ் சண்டை திடீரென்று மலைபோல எழும். அதுவரை கதையோடு ஓடியவர் அங்கே நின்று, லெவல் ஏற்ற ஒரே எதிரிகளைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அதற்குச் சற்று முன்பே சண்டை அரங்கம் ஒன்று திறக்கும். அங்கே ஓரிரு மாலை செலவழித்துவிட்டு மேலே போங்கள்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸீனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 3 (2022, ஸ்விட்ச்சில் மட்டும்) இந்தப் பட்டியலிலேயே மிக அழகான கருவைக் கொண்டது. பத்தே ஆண்டு ஆயுளுடன் படைக்கப்பட்டு, போரிடுவதற்காக மட்டுமே வாழும் வீரர்கள்; எதிரெதிர் நாடுகளைச் சேர்ந்த ஆறு பேர் சேர்ந்து ஓடுகிறார்கள். இறந்தவர்களுக்காகப் புல்லாங்குழல் வாசிப்பதுதான் நோவாவுக்கும் மியோவுக்கும் இடப்பட்ட பணி. அந்த இசையை நான் கேமுக்கு வெளியேயும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் சண்டையில் அந்த ஆறு பேரோடு துணை ஒருவரும் சேர்ந்து ஏழு பேர் ஒரே நேரத்தில் மோதும்போது திரையில் எண்களும் ஒளியும் தவிர எதுவும் தெரியாது, பல பத்து மணி நேரம் போன பிறகும் புதுப்புது விதிகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பக்கக் கதைகளை ஆர்வமாக முடித்தால் லெவல் ஏறிப்போய் முதன்மைச் சண்டைகள் சப்பென்று ஆகிவிடும். அந்தப் பக்கக் கதைகளோ விடக்கூடாத அளவுக்கு நன்றாக இருக்கின்றன.

ஃபைனல் ஃபேன்டஸி 16 (2023) நேரம் குறைவானவர்களைக் கவரும், சுமார் 40 மணி நேரத்தில் முடிந்துவிடும். டெவில் மே கிரை 5 என்ற ஆக்‌ஷன் கேமில் வேலை செய்த ரியோட்டா சுசுகி சண்டையை வடிவமைத்திருக்கிறார். ஐகான்கள் என்ற ராட்சத உருவங்கள் மோதும் காட்சிகள் பிரமிக்க வைக்கும். ஆனால் ஆர்பிஜி என்று எதைச் சொல்கிறோமோ அது இதில் மெலிந்துபோயிருக்கிறது. நெருப்பை எரியும் எதிரியின் மேல் ஏவினாலும் பனி எதிரியின் மேல் ஏவினாலும் ஒன்றுதான், ஆயுதம் செய்ய யோசிக்கவே வேண்டியதில்லை, கூட வருபவர்கள் தாமாகச் சண்டையிடுவார்கள். அடிமைகளின் விடுதலை என்று தொடங்கிய கதை, பாதிக்குமேல் கடவுளோடு மோதுவதாக மாறி அந்த அடிமைகளையே ஓரத்தில் விட்டுவிடுகிறது. ஆக்‌ஷன் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல கேம்; ஜேஆர்பிஜி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு இது உதவாது.

மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவற்றில் எதிலும் தமிழ் வசன வரி கிடையாது, இவை எல்லாமே வாசித்து ஆட வேண்டிய கேம்கள். பெர்சோனாவின் ஆங்கிலம் எளிமையானது, ஆனால் அளவில் மிக அதிகம். டிராகன் குவெஸ்ட் 11-இல் ஊருக்கு ஊர் வட்டார உச்சரிப்பு; ஹாட்டோ என்ற ஊரில் எல்லோரும் ஹைக்கூவிலேயே பேசுவார்கள். அதன் மொழிபெயர்ப்பாளர்கள் செய்த அருமையான வேலை அது, ஆனால் ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் தம்பி தங்கைகளுக்கு வாங்கித் தருகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். லைக் எ டிராகனின் வசனம் பேச்சு நடையில் இருப்பதால் கடகடவென்று ஓடும்.

சரி, எதை எடுப்பது? வேலைக்குப் போகிறவர், முப்பதைத் தாண்டியவர், கதைக்காக விளையாடுகிறவர் என்றால் லைக் எ டிராகன்தான். முதன்மைக் கதை சுமார் 45 மணி நேரம், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றிலும் இருக்கிறது. கல்லூரி விடுமுறையில் இருப்பவர், நீண்ட பேச்சுக்கு அலுக்காதவர் என்றால் பெர்சோனா 5 ராயல். ஆன் விஷயத்தில் நான் சொன்னது உங்களையும் உறுத்தும் என்று தோன்றினால் மெட்டஃபர். வீட்டில் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் டிராகன் குவெஸ்ட் 11 எஸ், ஓரிரு அசட்டுக் காட்சிகளைத் தவிர அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஸ்விட்ச் மட்டும் வைத்திருப்பவர் ஸீனோபிளேடுக்கும் டிராகன் குவெஸ்ட்டுக்கும் இடையில் தயங்கினால், அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். டிராகன் குவெஸ்ட் 11 எஸ்-க்கு இலவச டெமோ இருக்கிறது. அது பத்து மணி நேரம் வரை ஓடும், சேவ் கோப்பு முழுக் கேமுக்கு அப்படியே வந்துவிடும். அதில் சிறையிலிருந்து தப்பித்து வெளியே வந்த பிறகும் அடுத்த ஊரைப் பார்க்கத் தோன்றவில்லை என்றால் ஸீனோபிளேடை எடுங்கள்.